நான்காவது காலுறை

"இன்னையிலேர்ந்து, முழுங்காதவங்களுக்கு மார்க் போடுற உரிமை கிடையாது."

முர்டோ இதைச் சொன்னபோது என் நான்காவது கோப்பையை மிச்சம் கொட்டும் ஜாடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். மேசையைச் சுற்றி ஐந்து பேர். அவர் பார்த்தது என்னை மட்டும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம், ஸ்காட்லாந்தின் கேம்பல்டவுன் துறைமுகத்து மதுக்கடையின் பின்னறை எங்களுடையது. நான்கு விஸ்கிப் புட்டிகளுக்குக் கடைக்காரர் கம்பளிக் காலுறை மாட்டி வைத்துவிடுவார். பெயரும் விலையும் தெரியாமல் முதலில் சுவைக்குப் பத்துக்கு மார்க். காலுறையைக் கழற்றி விலையைப் படித்த பிறகு, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று இன்னொரு மார்க்.

ஊற்றுவது முர்டோ. மீன்பிடிப் படகில் கேப்டனாக இருந்தவர், இந்த மேசைக்கும் அவரே கேப்டன். சுவரோரப் பலகையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஊற்றி, தட்டில் கொண்டுவந்து ஆளுக்கொன்றாக வைப்பார். தனக்கும் ஒன்று.

நான் மோந்து பார்ப்பதோடு சரி. ஒரு சொட்டு தொண்டையில் இறங்கி நான்கு குளிர்காலம் ஆகிறது. ஏன் என்று இவர்களிடம் சொன்னதில்லை. மதியம் இங்கே சொன்னால் சாயங்காலம் கறிக்கடையில் பேசுவார்கள்.

குடி என்னிடமிருந்து எவ்வளவோ பிடுங்கிக்கொண்டது. குடியை விட்டேன், சரி. மூக்கை ஏன் விட வேண்டும்? எனக்கென்று மிஞ்சியது இந்த மூக்கும் இந்த நாற்காலியும்தான்.

"இஷ்பெல் பக்தி மார்க்கத்துல இறங்கிட்டாளோ என்னமோ," என்றான் டூகல், என்னைக் காட்டி.

"இவளா? மூக்கால குடிச்சு வாயால கொல்றவடா இவ," என்றான் லாக்லன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். முர்டோ சிரிக்கவில்லை.

"விளையாட்டு இல்ல. விஸ்கின்னா தொண்டையில இறங்கணும். மோந்து பாத்துட்டு ஜாடியில ஊத்துறது, கல்யாணத்துக்கு வந்துட்டு வாசலோட திரும்பிப் போற மாதிரி. ஒரே ஒரு மடக்கு குடி, பொண்ணே. இல்லையா, நாற்காலியக் காலி பண்ணு."

ஒரே ஒரு மடக்கு. அதன் ஆழம் எனக்குத் தெரியும். இறங்கிப் பார்த்தவள் நான், தரை தட்டவே இல்லை.

ஜன்னலில் மழை சாய்ந்து அடித்தது. ஓட்ஸ் பிஸ்கட்டை எடுக்கப்போன கை ஒன்று தட்டின் மேலேயே நின்றது.

"குடிக்க மாட்டேன், கேப்டன். எழுந்திரிக்கவும் மாட்டேன்."

"அவ்வளவு பெரிய மூக்கா? அப்போ நாலாவது காலுறைக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லு. தப்பாச் சொன்னா நீயே எழுந்து போயிடணும்."

"சொல்றேன். இன்னொரு வாட்டி மோந்துக்கிறேன்."

என் கோப்பை காலி. பலகைவரை போவானேன்? எதிரே முர்டோவின் கோப்பையில் பாதி இருந்தது. கையை நீட்டி எடுத்தேன். தடுக்க வந்த அவர் கை, ஒரு நொடி பிந்திவிட்டது.

"அது என்னோடது!"

"எல்லாம் ஒரே புட்டிதானே, கேப்டன்?"

மூக்கருகே கொண்டுபோனேன்.

புகை இல்லை. கடல் இல்லை. மூக்கைச் சுடும் காரம் இல்லை.

ஆறிப்போன தேநீர். பால் இல்லை, சர்க்கரை இல்லை, நெடுநேரம் ஊறிய கடுந்தேநீர். நிறம் மட்டும் அச்சு அசலாக விஸ்கி.

நிமிர்ந்தேன். முர்டோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படகில் புயலைப் பார்த்த கண்கள் அவருடையவை. இப்போது அவற்றில் இருந்தது வேறு. அந்த முகம் எனக்குப் பழக்கம். நான்கு குளிர்காலத்துக்கு முன்னால் தினமும் காலையில் என் குளியலறைக் கண்ணாடியில் அதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வார்த்தை போதும். அவருடைய நாற்காலி காலியாகிவிடும்.

"என்னாச்சு, மூக்கு அடைச்சுக்கிச்சா?" லாக்லன் அவசரப்பட்டான்.

"ஐலா தீவுச் சரக்கு," என்றேன். "எடுத்ததும் புகை, அதுக்கு அடியில உப்பு, கடைசியில எலுமிச்சம்பழத் தோல். பன்னண்டு வருஷத்துக்குக் குறையாம பீப்பாயில கிடந்தது."

ஜாடியில் கவிழ்ப்பதற்கு முன் என் கோப்பை எனக்குச் சொன்னது அதைத்தான்.

டூகல் பலகைக்குப் போய் நான்காவது காலுறையை உருவினான். ஐலா. பதினாறு வருடம். விலை நூற்றுப் பத்து பவுண்டு. அன்றைக்கு வந்த நான்கில் அதுதான் விலை கூடியது. லாக்லன் விசிலடித்தான்.

"கேப்டன், இவ மார்க் போடலாமா கூடாதா?" என்று கேட்டான் டூகல்.

முர்டோ என் கையைப் பார்த்தார். அவர் கோப்பை இன்னும் என் கையில்தான் இருந்தது.

அனுமதிக்கு நான் காத்திருக்கவில்லை. கையிலிருந்த கோப்பைக்குத்தான் மார்க் போட்டேன்.

"சுவைக்கு ஆறு. காசுக்குப் பத்து. இதைவிட மலிவா உலகத்துல எங்கயும் கிடைக்காது."

"நூத்திப் பத்து பவுண்டு மலிவா? உனக்கு என்ன கிறுக்கா?" டூகல் கத்தினான். "சுவைக்கு ஆறு குடுத்துட்டு காசுக்குப் பத்தா? எந்த ஊர்க் கணக்கு இது?"

மேசையில் இருந்த ஈரவட்டம் பார்த்து, முர்டோவின் கோப்பையை அதன் மேலேயே திருப்பி வைத்தேன்.

அவர் அதை எடுத்தார். ஒரே மடக்கு. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் இருந்த ஜாடியை இழுத்து, மேசைக்கு நடுவில், இருவருக்கும் கை எட்டுகிற இடத்தில் வைத்தார்.

"கத்தாதடா டூகல்," என்றார். "அவ சொன்னதை எழுதிக்கோ. எனக்கும் அதே மார்க்கைப் போடு."