பேர் எழுத வந்தவர்கள்

என் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு மகள் அம்சம் பின்னால் நின்றாள்.

முன்னால் மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண். அவள் தலைக்கு மேலே சுவரில் தலைவர் படம். போன தடவை நான் இந்த ஒன்றிய ஆபீசுக்கு வந்தபோது வேறு தலைவர் இருந்தார். ஆள்தான் மாறியிருந்தார். ஆணி அதேதான்.

வராந்தா நிறையப் பிள்ளைகள். காலில் இரும்புப் பட்டை கட்டியவை, இடுப்பில் தூக்கி வந்த வளர்ந்த பிள்ளைகள். நம் பக்கத்தில் இத்தனை பேர் இருப்பது எனக்குத் தெரியாது. அவரவர் வீட்டுக்குள் வைத்திருந்திருக்கிறார்கள்.

முகாம் நடக்கிறதென்று பக்கத்து வீட்டுத் துரைராசு வந்து சொன்னான். காது கேளாத பெண்பிள்ளைகளுக்குத் தஞ்சாவூரில் தங்கிப் படிக்க இடமாம். எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுப்பார்களாம். பதினாறு வயசு தாண்டக்கூடாதாம்.

அம்சத்துக்கு வருகிற தையோடு பதினாறு முடிகிறது.

நான் நம்பவில்லை. சர்க்கார் எதையும் சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை. என் பெண்டாட்டி ராமாயிதான் அழுது அழுது அனுப்பினாள். "நாம போயிட்டா அது யாருகிட்ட போயி, எப்படிக் கேட்டு, ஒரு வாய் சோறு வாங்கும்?" என்றாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் கண்டக்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்ததும் அம்சம் சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னும் ஒரு இடந்தான் பாக்கி, பெரியவரே," என்றாள் மேசைக்காரப் பெண். "பழைய கணக்கெடுப்புல பேரு இருந்தா உங்க பொண்ணுக்கே கொடுத்துடலாம். பத்து வருசத்துக்கு முன்னாடி ஊர் ஊரா வந்து எழுதினாங்களே?"

"எங்க தெருவுக்கு ஒரு நாயும் வரலை. ஓட்டுக் கேக்க வருவீங்க. வேற எதுக்கு வந்திருக்கீங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நோட்டைப் புரட்டினாள். எங்கள் ஊர்ப் பேரில் அவள் விரல் நின்றது.

"வீரையன் மகள் அம்சம். வயசு ஆறு. காது கேளாது." விரல் நகர்ந்தது. குரல் இறங்கியது. "இறந்துட்டதா போட்டிருக்கே. இந்தக் கைநாட்டு உங்களுதுங்களா?"

நோட்டை என் பக்கம் திருப்பினாள். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. குறுக்கே அரிவாள் வெட்டு ஓடும் பெருவிரல் ஊரில் என் ஒருவனுக்குத்தான்.

அந்த வருசம் மிராசுதாரோடு கூலிச் சண்டை. மனைப்பட்டா தருகிறோம் என்று சட்டை போட்ட இரண்டு பேர் வந்து தெருவில் பேர் எழுதிக்கொண்டு போனார்கள். பட்டா வரவில்லை. போலீஸ் வேன் வந்தது. எழுதின பேர்களை வாசித்து வாசித்து ஏற்றினார்கள். என் தம்பி பஞ்சநதம் ஜெயிலிலிருந்து திரும்பியபோது அவனுக்கு ஒரு கண் இல்லை.

அடுத்த மாசம் நோட்டோடு ஒரு டீச்சர் வந்தாள். அப்போது எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. மிராசுதார் வீட்டு வில்வண்டியில் வந்து இறங்கினாள்.

அவர்கள் வண்டியில் வருகிறவள் அவர்கள் ஆள். வேறு எப்படி நினைப்பது?

அம்சத்தைத் தூக்கி நெல் குதிருக்குள் இறக்கினேன். அந்த மாசம் அது காலியாகத்தான் கிடந்தது.

காது கேளாத பிள்ளை ஒன்று இங்கே இருக்கிறதாமே, மருத்துவச்சி சொன்னாள் என்றாள் டீச்சர். செத்துப்போச்சு என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் எதையோ எழுதினாள். பிறகு, இதில் ஒரு கைநாட்டு வையுங்கள், இனிமேல் யாரும் வந்து உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக வைத்தேன்.

அவள் சொன்னபடியே நடந்தது. பத்து வருசம் யாரும் வரவில்லை.

மேசைக்காரப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திட்டட்டும் என்று நின்றேன். அவள் திட்டவில்லை.

"பிள்ளையை முன்னால வரச் சொல்லுங்க. நான் கண்ணால பாத்தேன்னு எழுதித் திருத்திடறேன்."

பேனாவின் மூடியைத் திறந்தாள்.

நான் திரும்பினேன். துண்டு தரையில் கிடந்தது.

அடுக்கி வைத்திருந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் பச்சைப் பாவாடையின் ஓரம் தெரிந்தது. முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்தி, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு உள்ளங்கையில் எழுதுவதுபோல் விரலால் காட்டி, அவள் கன்னத்தில் அறைந்து, மறுபடி எழுதிக் காட்டி, மறுபடி அறைந்து, குதிருக்குள் நான் அப்படித்தான் உட்காரவைத்தேன். இந்தப் பதினாறு வருசத்தில் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

அம்சம் என்று கத்தினேன்.

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.