ஒரே கிண்ணம்

அலமாரிச் சாவியைத் தரவே மாட்டேன் என்று நின்றார், ஆலயப் பொருள்களுக்குப் பொறுப்பாளரான ராசப்பன். நாளைக் காலை ஆலயத்தின் நூற்றாண்டு ஆராதனை. நற்கருணையில் திராட்சரசம் பருக வேண்டிய வெள்ளிக் கிண்ணம் அந்த அலமாரிக்குள் இருந்தது.

சாவி கேட்டு நின்றது மெர்சி. உடுமலையிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், இப்போது கமிட்டிச் செயலாளர். இந்த ஆராதனைக்காக ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அங்கிள், ஆதிக் கிறிஸ்தவங்க ஊட்டுல ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு, ஒரே கிண்ணத்துல குடிச்சாங்க. அப்புறந்தான் ஊடு கோயிலாச்சு, சாப்பாடு சடங்காச்சு. இப்ப ஆளுக்கொண்ணாக் குடுக்கற இந்தக் குட்டிக் கிளாஸெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்த பழக்கமுங்க. நாளைக்கு ஒரு நாளாச்சும் அவங்களாட்டம் இருப்போமே!"

"கிளாஸே இருக்கட்டுமுங்க அம்மணி."

"நோய் நொடி ஒட்டிக்கும்னு பயமுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

கமிட்டியில் ஏற்கெனவே முணுமுணுப்பு. மில்லில் சூப்பர்வைசராக ரிட்டயர் ஆனதிலிருந்து மனிதருக்குப் பவிசு கூடிவிட்டதாம். அடுத்தவர் வாய் வைத்ததில் வாய் வைக்க மனசு வரவில்லையாம். மெர்சியால் அதை நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. போன வாரம்கூட ஆலய விருந்தில் எல்லோருடைய எச்சில் இலையையும் எடுத்துப் போட்டவர் இவர்தான்.

"பின்ன என்னதானுங்க உங்களுக்குப் பிரச்சினை?" பொறுமை போய்க் கேட்டே விட்டாள்.

ராசப்பன் அவள் கையிலிருந்த தாளைக் கேட்டு வாங்கினார். கிண்ணத்தில் குடிக்க யார் பின்னால் யார் வருவது என்று அவள் எழுதியிருந்த வரிசை அது. முதலில் கமிட்டி, அடுத்து பாடகர் குழு, அப்புறம் பழைய குடும்பங்கள். பின்பெஞ்சில் உட்காருகிறவர்கள்தானே என்று, வேறெதுவும் யோசிக்காமல், ஊருக்கு ஒதுக்குப்புறமான வளவுத் தெருக்காரர்களைக் கடைசியில் போட்டிருந்தாள்.

"நாங்களும் வளவுதானுங்க. எங்கப்பன் பண்ணையத்துல கூலிக்கு இருந்தாரு. அப்பவும் இதே வரிசைதானுங்க அம்மணி. ஊரே குடிச்சு முடிச்ச பொறவுதான் எங்களுக்குக் கிண்ணம் வரும்."

மெர்சியின் கண் தாளின் கடைசி வரிக்குப் போனது.

"அப்புறம் ஒரு பாதிரி அய்யரு வந்து இந்தக் குட்டிக் கிளாஸை வாங்கிப்போட்டாரு. உக்காந்த எடத்துலயே எல்லாத்து கையிலயும் ஒண்ணு. அன்னைக்குத்தானுங்க எங்கப்பன் மொதல் மொதலா ஊரோட ஒண்ணாக் குடிச்சாரு."