ஏறுகிற வண்டி

பழைய கார்ச் சங்கத்தின் கோடைப் பயணத்தில் பதினெட்டு கார்கள் மலை ஏறிவிட்டன. கடைசியாக வந்த பிலோமினாவின் கார் மட்டும் பதினோராவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் இருமி நின்றது. ஆறு வருடம் அவள் தன் கையாலேயே கழற்றிப் பூட்டிய கார். சீட்டுக்கு அடியில் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக வழிந்துதான் முன்னாலுள்ள எஞ்சினுக்குப் போகவேண்டும். மூக்கு இவ்வளவு தூக்கினால் போகாது.

பின்னால் ஜீப்பில் வந்த சங்கத் தலைவர் வரதராஜுலு கயிற்றோடு இறங்கினார்.

“கட்டி இழுத்துடலாம்மா. இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்ல.”

“கயிறு ஜீப்லயே இருக்கட்டும் சார். கொஞ்சம் வழி விடுங்க.”

அவள் காரை வளைவின் சமதளம் வரை உருளவிட்டு, எஞ்சினைக் கிளப்பி, கீழ்நோக்கித் திருப்பினாள். வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்து அவர் ஜீப்பை ஒதுக்கினார். பிலோமினா ரிவர்ஸ் கியரைப் போட்டாள். இப்போது டேங்க் மேலே, எஞ்சின் கீழே. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தபடி அவள் ஓட்ட, கார் பின்பக்கமாக மலை ஏறியது. அதன் இரண்டு விளக்குகளும் பின்தொடர்ந்த தலைவரையே பார்த்துக்கொண்டு போயின.

பதினான்காவது வளைவில் எதிரே ஒரு பேருந்து இறங்கி வந்தது. தன்னை நோக்கி வரும் காரின் முதுகைப் பார்த்து ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். ஒரு வண்டி போகத்தான் இடமிருந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி.

“ஏம்மா, ஏறுறீங்களா, எறங்குறீங்களா?”

“ஏறுறேன்.”

ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பிறகு, அத்தனை பயணிகளோடும், பேருந்தும் பின்பக்கமாகவே மேலே ஏறத் தொடங்கியது.