பெயர் எழுதிய போத்தல்கள்

“இது இஞ்சிச் சோடாவோ, சீனித்தண்ணியோ?”

மரியதாஸ் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. லக்சாயினிக்கு முகம் கறுத்துப்போயிற்று.

புலம்பெயர்ந்து வந்த வில் என்ற நகரின் தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா. தன் குசினியில் மாதக்கணக்காகக் காய்ச்சிப் பார்த்து, ‘மிடறு’ என்று பெயரும் வைத்த சோடாவை அன்றுதான் முதன்முதலாக ஊருக்குக் கொடுத்திருந்தாள். ஆளுக்காள் மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு போத்தலிலும் அவரவர் பெயரை எழுதியிருந்தாள்.

எல்லாருக்கும் பிடித்துவிட்டால், சோடாவைப் பெருமளவில் செய்து தரவிருந்த தொழிற்சாலைக்குத் திங்கட்கிழமை ‘ஓம், தொடங்குங்கோ’ என்று சொல்லிவிட்டு, இருக்கிற வேலையை விட்டுவிடுவதாக எண்ணம்.

“நீ விடு பிள்ளை. அமிர்தம் மாதிரி இருக்கு!” என்றாள் சிவமலர் அன்ரி.

“கடைக்கு வரட்டும், பெட்டி பெட்டியா வாங்குவம்,” என்றார் குலேந்திரன்.

மரியதாஸ் விடவில்லை. “இஞ்சி எண்டால் தொண்டையிலை கொஞ்சம் எரிய வேணும். இது எரியேல்லை. இப்பிடியே கடைக்குக் கொண்டு போகாதை.”

“சோடா எரியேல்லையாம். அவருக்குத்தான் எரியுது!” சிவமலர் காதுக்குள் சொல்லிச் சிரித்தாள்.

லக்சாயினிக்கும் அப்படித்தான் பட்டது.

விழா முடிந்து சனம் கலைந்தது. மேசைகளில் கிடந்த போத்தல்களைக் கண்ணாடிக் கழிவுத் தொட்டியில் போடுவதற்காக அவள் பொறுக்கிச் சேர்த்தாள். மிச்சத்தை ஊற்றிவிட்டுத்தான் போடவேண்டும்.

‘சிவமலர்’ கனத்தது. ஒரு வாய்தான் குறைந்திருந்தது. ‘குலேந்திரன்’ முக்கால்வாசி. ‘கோபிஷா’, ‘சாயிசன்’... எல்லாவற்றிலும் மிச்சம். கைகழுவும் சிங்கில் நுரை பொங்கிப் பொங்கி இறங்கியது.

கடைசிப் போத்தல் கையில் எடுத்ததும் இலேசாக இருந்தது. அடியில் ஒரு சொட்டும் இல்லை.

‘மரியதாஸ்.’

அவர் மண்டபத்தில் தனியாகக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். போத்தலோடு போய் நின்றாள்.

“அங்கிள், திங்கட்கிழமை தொழிற்சாலைக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லப்போறன். இஞ்சியைக் கூட்டிப்போட்டு உங்களிட்டைத்தான் முதல் கொண்டு வாறன்.”

“கொண்டு வா, பிள்ளை.”

“ஆனா... பிடிக்காததை ஏன் முழுக்கக் குடிச்சியள்?”

அவர் தூக்கிய கதிரையைக் கீழே வைத்தார்.

“ஒரு பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்ததை அரைவாசி குடிச்சுப்போட்டுக் குறை சொல்லலாமோ?”