ஐந்து ஏணிகள்

கண்களை மூடி, மூச்சை மெல்ல விட்டு, கை போன போக்கில் வரைய வேண்டும் என்பது இமெல்டாவின் ஓவிய வகுப்பில் முறை. மனம் லேசாகட்டும் என்று தமயந்தியை அங்கே சேர்த்துவிட்டவள் அவளுடைய மகள். தமயந்திக்குத் தன் கையின் மேல் நம்பிக்கை இல்லை. அவள் மட்டும் இமையைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு, கவனமாக ஒரு பூசணிக்காயை வரைந்தாள்.

முடிந்ததும் ஆறு பேரின் தாள்களையும் கொடியில் மாட்டினார்கள். மற்ற ஐந்திலும் ஒரே படம். தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணி. அதன் அடியில் குப்புற விழுந்து கிடக்கும் ஓர் ஆண்.

"யாருங்க யாரைப் பாத்து காப்பி அடிச்சது?" என்றார் வகுப்பில் ஒருவரான தங்கதுரை. யாரும் சிரிக்கவில்லை.

தொட்டியைப் பார்க்க ஏறிய கணவர் கால் வழுக்கி விழுந்து இறந்தார் என்று தமயந்தி போலீசிடம் சொல்லியிருந்தாள். இங்கே அவர் பெயரைக்கூடச் சொன்னதில்லை.

"உங்க கை மட்டும் ஏன்க்கா இப்படிப் பயந்துபோச்சு?" இமெல்டா அவள் தோளைத் தொட்டாள். "பரவால்ல. எல்லாரும் புதுத் தாள் எடுங்க. ஏணிக்கு மேல யாராச்சும் நிக்கிறாங்களான்னு பாப்போம்."

மறுபடியும் கண்கள் மூடின. தமயந்தி மூடவில்லை. ஐந்து கரித்துண்டுகளும் தாளின் உச்சிக்குப் போய், ஒரு பெண்ணின் கொண்டையிலிருந்து வரையத் தொடங்கின. தமயந்தி சத்தமில்லாமல் கையை உயர்த்தித் தன் கொண்டையை அவிழ்த்தாள்.