உதாரணத்துக்கு ஒரு பெயர்

“பன்னிரண்டு பக்கம் எழுதினவளுக்கு இந்த ஒரு வரியா பாரமாப் போச்சு? எழுது நிமியா.”

முதலாளி டான் எலாதியோ கபானியாஸ் கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றார். ஏசி ஓடியும் நிமியாவுக்கு முதுகு நனைந்திருந்தது. வெளியே அசுன்சியோன் நகரத்தின் ஜனவரிக் கோடை வெயில்.

இணையதளத்துக்குப் பெயர் வேண்டுமென்றால் இப்போதெல்லாம் மனிதர்கள் தேடுவதில்லை. அவர்களுடைய ஏஐ ஏஜென்ட்டே தேடுகிறது. அது கேட்கும் பெயர் ‘காலி’யா, ‘போய்விட்டதா’ என்று சொல்லும் கருவி ஒன்றை எலாதியோ செய்திருந்தார். அதற்கான கையேடு எழுதுவது நிமியாவின் வேலை.

அவளால் எழுத முடியாத வரி இதுதான்: ‘நீங்கள் தேடும் பெயர்களை நாங்கள் பார்ப்பதில்லை.’

பச்சைப் பொய். ‘காலி’ என்று பதில் போன மறுநிமிடமே, அந்தப் பெயரை இன்னொரு நிரல் தானாக எலாதியோ பெயரில் வாங்கிவிடும். பிறகு தேடியவரிடமே யானை விலை சொல்வார். பேருந்து நிலையத்தில் சீபா ரொட்டி விற்கும் பெத்ரோனாவின் கடைப் பெயர் போன மாதம் அப்படித்தான் பறிபோனது. விஷயம் தெரியாமல் இதில் தேடிப் பார்க்கச் சொன்னதே நிமியாதான்.

“என்னால முடியாது, டான் எலாதியோ. வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க.”

“சொல்லிட்டாப் போச்சு. உன் பொண்ணு அராமிக்குக் காது ஆபரேஷன் அடுத்த மாசம்தானே? கம்பெனி இன்சூரன்ஸ் வேண்டாம்னா, இதோ கதவு. தாராளமாப் போ.”

சொன்னாரே தவிர, கதவை விட்டு நகரவில்லை.

அராமிக்கு ஐந்து வயது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். போய்த் தோளைத் தொட வேண்டும்.

நிமியா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். அந்த வரியைத் தட்டச்சு செய்து முடித்தாள்.

“அப்பாடா! இதுக்குப் போயா காலையிலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தே?” எலாதியோ தன் தெரெரே மூலிகைப் பானக் கோப்பையை நீட்டினார். வாங்கி ஒரு வாய் உறிஞ்சினாள். ஐஸ் குளிர்ச்சியோடு இலைக் கசப்பு.

“இன்னும் ஒரு உதாரணம் பாக்கி. காலின்னு பதில் வர்ற மாதிரி ஒரு பேர் வேணும்,” என்றாள்.

“யாரும் வாங்காத பேரா எதையாவது போட்டுத் தொலை. நாலு மணிக்குக் கருவியை வாங்கப்போற அந்தம்மா ஒப்பந்தத்தோட வந்துடுவாங்க.”

அவள் ஒரு பெயரைத் தட்டித் தேடினாள். ‘காலி’ என்று வந்தது. அதை அப்படியே கையேட்டில் ஒட்டினாள். மணி பதினொன்று ஐந்து. எலாதியோ தனக்கு வேண்டிய அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, “அனுப்பிடு” என்றார்.

நிமியா மதியம் சாப்பிடாமல் கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நான்கு மணிக்கு, கருவியை வாங்க மொந்தேவிதேயோவிலிருந்து வந்திருந்த மிர்த்தா மேஜைமேல் ஒப்பந்தத்தையும் மடிக்கணினியையும் வைத்தார்.

“எத்தனையோ கருவி பார்த்தேன். தேடுற பேரைப் பார்க்கமாட்டோம்னு நீங்கதான் எழுத்துல குடுத்திருக்கீங்க. அதுக்காகவே வந்தேன்.”

“அது எங்க உயிர்மூச்சு மேடம்.” எலாதியோ நெஞ்சில் கைவைத்தார். “என்ன நிமியா?”

“நீங்க சொன்னபடியே எழுதியிருக்கேன்,” என்றாள்.

மிர்த்தா பேனாவைத் திறந்தார். “ஒரு நிமிஷம். எங்க ஏஜென்ட் கையேட்டைப் படிச்சு, அதுல இருக்குற உதாரணத்தை ஓட்டிப் பார்க்கும். சரியா இருந்தாக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

“நல்லாப் பார்க்கட்டும்!”

திரையைப் பார்த்த மிர்த்தாவின் புருவம் சுருங்கியது. “கையேட்டுல காலின்னு போட்டிருக்கு. ஆனா காலைல பதினொன்னு ஆறுக்கே வித்துப்போச்சுன்னு வருதே?”

“எவனாவது முந்திக்கிட்டிருப்பான் மேடம்.” எலாதியோ சிரித்தார். “நல்ல பேரை யார் விட்டுவைப்பாங்க?”

மிர்த்தா சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, பெயரை வாங்கியவர் யாரென்று காட்டிய மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

“‘தேடினால் திருடுவோம்’கிற பேரை எதுக்கு உங்க பேர்ல வாங்கினீங்க, டான் எலாதியோ?”