படம் ஏழில் நிற்பவர்

"அளவுக்காக: ஒரு கூலியாள்" என்று படம் ஏழின் கீழே அச்சாகியிருந்ததைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் "என் தகப்பனார் அய்யனார்" என்று எழுதியிருந்தார் ராஜவேல்.

அந்தத் தாளைக் கொண்டுவந்து அக்கா இருசம்மாளின் மடியில் வைத்தார்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் ஓ.டி.யில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காலையிலேயே கார் எடுத்து வந்தது இதற்காகத்தான். புத்தகத்தின் மறுபதிப்பு அச்சகத்தில் நிற்கிறது. பன்னிரண்டு மணிக்குள் திருத்தத்தை உறுதிப்படுத்தவில்லையென்றால் உள்ளது உள்ளபடி ஓட்டிவிடுவார்கள்.

ஐம்பது வருடத்துக்கு முன் அவர் எழுதிய புத்தகம். கேப்பர் மலைச் செம்மண்ணை மழை எப்படி அறுத்துக்கொண்டு போகிறது என்பதைப் பற்றியது. அதை வைத்துத்தான் அவர் புவியியல் விரிவுரையாளர் ஆனார், துறைத் தலைவர் ஆனார், கடைசியில் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவும் போனார்.

மண் அறுத்த பள்ளத்தைப் படம் எடுத்தால் ஆழம் தெரியாது. உள்ளே ஓர் ஆளை நிறுத்தி எடுப்பது அந்தப் படிப்பில் வழக்கம். அந்த ஆளுக்குப் பேர் போடுவதில்லை. அடிக்கோலுக்கு யார் பேர் போடுவார்கள்?

அளவு வேலைக்குக் கூலிக்கு மூன்று பேர் வேண்டும் என்றார் அவருடைய பேராசிரியர். குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பாவையும் சேர்த்துத்தான் ராஜவேல் கூட்டிப்போனார். இவர் என் அப்பா என்று பேராசிரியரிடம் சொல்லவில்லை. அப்பாவும் மகனை "சார்" என்றுதான் கூப்பிட்டார்.

அது அவரை விடவே இல்லை. பட்டமளிப்பு விழாவில் அங்கி மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் படம் ஏழு வந்து முன்னால் நிற்கும். பெற்ற தகப்பனைக் கூலியாள் என்று அச்சடித்தவன் நான் என்று இரண்டு மேடைகளில் சொல்லியும் இருக்கிறார். ரொம்ப நேரம் கைதட்டினார்கள்.

இருசம்மாள் எழுத்தைப் பார்க்கவில்லை. நேரே படத்துக்குப் போனாள். முந்திரிக்கொட்டை உடைத்துக் கருத்துப்போன விரலால் தாளைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

கட்டைவிரல் உயரத்துக்குத்தான் ஆள். தலையில் முண்டாசு. முகமெல்லாம் நிழல்.

அக்கா அழுவாள் என்று நினைத்துத்தான் வந்திருந்தார்.

"இது அப்பா இல்ல தம்பி."

"நல்லா பாருக்கா."

"நீ பாருடா, கண்ணாடிய தொடச்சிட்டு. இடுப்புல கைய வச்சிக்கினு நிக்கிது. அப்பா என்னிக்கு ஆபீசருங்க முன்னாடி இடுப்புல கை வச்சிது? இது சின்னையன் மாமா. ஊர்ச் சண்டைன்னா மொத ஆளா வந்து நிக்குமே, அதே நிப்பு."

ராஜவேல் தாளை வாங்கிப் பார்த்தார். ஆயிரம் தடவை பார்த்த படம். ஒரு கை கம்பத்தைப் பிடித்திருந்தது. இன்னொரு கை இடுப்பில்தான் இருந்தது.

"அப்ப அப்பா எங்க? அவரும்தான வந்தாரு?"

"மொத நாளு வந்துச்சு. ரெண்டாம் நாளு எப்பிடி வரும்? நீதான வேணாம்னுட்ட."

"நானா?"

"பின்ன நானா? உங்க வாத்தியாரு, இந்தாளுக்கு உன் சாடை இருக்குதேன்னு சிரிச்சாராம். மறுநா காலைல அப்பா முண்டாசு கட்டிக்கினு கெளம்பி நிக்கிது, நீ வராதப்பான்னு சொல்லிட்டு சைக்கிள எடுத்துக்கினு போயிட்ட. அதுக்கப்புறந்தான் சின்னையன் மாமாவ அனுப்பிச்சி வச்சோம்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"இன்னா சொல்லும்? குடோனுக்குப் போயிட்டுது."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். குரலில் குத்தல் இல்லை.

அவருக்கு ஞாபகம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சைக்கிள் நினைவில் வந்தது. பேராசிரியரின் சிரிப்பு வந்தது. பிறகு வாசலில் நின்ற முண்டாசின் நிறமும் வந்தது. பழுப்பில் பச்சைக் கரை.

ஐம்பது வருடமாக அவர் வருந்திக்கொண்டிருந்தது இதைவிடச் சின்னத் தப்புக்கு.

"அதனால இன்னா இப்ப? அப்பா பேரே இருக்கட்டும்" என்றாள் அக்கா. "சின்னையன் மாமா எழுந்து வந்தா சண்டை போடப் போவுது?"

போன் அடித்தது. அச்சகத்திலிருந்து வெண்மதி.

"சார், மணி பன்னெண்டு ஆவப் போவுது. காலைல சொன்ன மாதிரி அப்பா பேர போட்டுடட்டுமா? எங்க ஓனர் அத கேட்டுட்டு அப்பிடியே உக்காந்துட்டாரு சார்."

"இல்லம்மா. அது சின்னையன். சின்னையன்னு போடு."

"அய்யோ. அப்ப அப்பா சார்?"

"அப்பா அங்க இல்லம்மா. அன்னைக்கு அவர வர வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன்."

மெஷின் சத்தத்துக்கு நடுவே வெண்மதி கேட்டாள்.

"சார்... அதையும் கீழ ஒரு வரியா போடட்டுமா? இடம் இருக்குது."

ராஜவேல் அக்காவைப் பார்த்தார். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா. அதுக்கும் கை தட்டுவாங்க" என்றார். "பேரு மட்டும் போதும்."

இருசம்மாள் துடைப்பதை நிறுத்தவில்லை.